பூக்காத கிறிஸ்துமஸ் கள்ளி: போத்துகள் காட்டிக்கொடுத்த காரணம்

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் வளர்ந்த கிறிஸ்துமஸ் கள்ளி அது. ஒரு காலத்தில் ஆண்டு தவறாமல் இளஞ்சிவப்பாகப் பூத்துக் குலுங்கிய செடி, கடைசி நான்கைந்து ஆண்டுகளாக ஒரு மொக்குகூட வைக்கவில்லை. பிறகு கிளைகளும் துவள ஆரம்பித்தன. மடல்களில் சுருக்கம் விழுந்தது. செடியை வளர்த்த என் பெரியம்மா இரண்டு முடிவுகளுக்கு வந்திருந்தார். ஒன்று, செடிக்குத் தாகம். இரண்டு, செடிக்கு வயதாகிவிட்டது. முதல் முடிவின்படி நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினார். இரண்டாவதன்படி பூவை எதிர்பார்ப்பதையே விட்டுவிட்டார்.

தாகம் இல்லை என்பது செடியைத் தொட்டியிலிருந்து உருவியதுமே தெரிந்தது. வயது விஷயத்தைத் தீர்க்கத்தான் அடுத்த பூக்காலம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் போத்துகளைவிட, அதாவது புதுச்செடியாக நட எடுக்கும் தண்டுத் துண்டுகளைவிட, நல்ல வழி கிடையாது. ஒரு செடியிலிருந்து எடுத்த போத்துகள் அனைத்தும் மரபணுவில் அந்தச் செடியேதான். வயதால் பூக்கும் சக்தி போயிருந்தால் எல்லாப் போத்துகளிலும் போயிருக்க வேண்டும். ஓரிடத்தில் வைத்தது பூத்து, இன்னோரிடத்தில் வைத்தது பூக்காமல் நின்றால், விசாரிக்க வேண்டியது இடத்தைத்தான்.

எந்தக் கள்ளி?

கிறிஸ்துமஸ் கள்ளி என்று பொதுவாக அழைக்கப்படும் செடிகள் ஒரே இனம் அல்ல. ஸ்லம்பர்கெரா என்ற பேரினத்தைச் சேர்ந்த இரண்டு வகைகள் அந்தப் பெயரில் புழங்குகின்றன. மடலின் ஓரத்தில் நண்டுக்கால் போலக் கூரான பற்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ட்ரங்கேட்டா. 1819இல் தாவரவியலாளர் ஹாவொர்த் முதலில் விவரித்த இனம் இது. வட அரைக்கோளத்தில் நவம்பரிலேயே பூக்கத் தொடங்கிவிடும். ஓரம் மழுங்கி, அலை அலையாக இருந்தால் அது பக்லியி என்ற கலப்பினம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ட்ரங்கேட்டாவையும் ரஸ்ஸெல்லியானா என்ற இன்னொரு இனத்தையும் இணைத்து உருவாக்கியது. இதுதான் டிசம்பர் கடைசியில் பூக்கும் அசல் கிறிஸ்துமஸ் கள்ளி. ஈஸ்டர் காலத்தில் நட்சத்திர வடிவில் பூக்கும் இன்னொரு உறவும் உண்டு. அதன் மடல் நுனியில் மெல்லிய மயிர் இருக்கும், பராமரிப்பும் கொஞ்சம் வேறு.

பெரியம்மாவின் செடியில் பற்கள் கூராகவே இருந்தன. ஆனால் அடிக்கிளைகளில் இருந்த பழைய மடல்கள் தேய்ந்து மழுங்கியிருந்ததால் அப்போதே அடித்துச் சொல்ல முடியவில்லை. பூ வந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். ட்ரங்கேட்டாவின் மகரந்தம் மஞ்சள், பக்லியியின் மகரந்தம் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. பூவே இல்லாத செடிக்கு இந்த வழி உதவாது என்பதால், இனம் எது என்ற கேள்வியை அப்படியே நிறுத்தி வைத்தோம்.

கள்ளி என்ற பெயரைக் கேட்டதும் பாலைவனம் நினைவுக்கு வருகிறது. பாதிப் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. இந்தச் செடிகளின் சொந்த ஊர் தென்கிழக்கு பிரேசிலின் கடலோர மலைகள். மேகம் தவழும் அந்தக் காடுகளில் மரக்கிளைகளின் கவைகளிலும் பாறை இடுக்குகளிலும், மக்கிய இலையும் பாசியும் சேர்ந்த ஒரு பிடி இடத்தில் தொற்றி வளர்பவை. ஈரம் அடிக்கடி கிடைக்கும், ஆனால் ஓரிடத்தில் தேங்காது. வேருக்குக் காற்று எப்போதும் உண்டு. பாலைவனக் கள்ளி என்று நினைத்துக் காயப்போடுபவர்களும் உண்டு, சாதாரணத் தொட்டிச்செடி என்று நினைத்து ஊற வைப்பவர்களும் உண்டு. இங்கே நடந்தது இரண்டாவது.

தொட்டிக்குள் இருந்தது

செடி ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் இருந்தது. அந்தத் தொட்டி, அடியில் துளையில்லாத ஒரு பீங்கான் அலங்காரத் தொட்டிக்குள் இருந்தது. உள்தொட்டியைத் தூக்கியபோது பீங்கானுக்குள் இரண்டு விரற்கடை அளவுக்குப் பழுப்பு நிறத் தண்ணீர். சின்னச் சின்னக் கொசு போன்ற பூஞ்சை ஈக்கள் கிளம்பிப் பறந்தன. மண்ணில் புளித்த வாடை.

வேர்ப்பந்தின் மேல்பகுதி தவிர மற்றதெல்லாம் கரும்பழுப்பாகிவிட்டிருந்தது. ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்ததும் மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்தது. நடுவில் இருந்த நரம்பு நூலாக மண்ணிலேயே நின்றது. பித்தியம் போன்ற நீர்ப்பூஞ்சைகள் வேரைத் தின்னும்போது தெரியும் அடையாளம் இது. ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை, அதனால் பூஞ்சையின் பெயரைச் சாதிக்கப் போவதில்லை. வேர் அழுகல் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

மடல்கள் சுருங்கியதற்கும் இதுவே காரணம். தண்ணீர் இல்லாமல் காய்ந்தாலும் மடல் சுருங்கும், தண்ணீரை உறிஞ்ச வேர் இல்லாமல் போனாலும் மடல் சுருங்கும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். வித்தியாசத்தை மண்தான் சொல்லும். விரலை ஒரு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்க்க வேண்டும், அல்லது தொட்டியைத் தூக்கி எடை பார்க்க வேண்டும். சுருங்கிய செடியின் தொட்டி கனமாக இருந்தால் தண்ணீரை அன்றைக்கே நிறுத்த வேண்டும். பெரியம்மா தண்ணீர் ஊற்ற ஊற்றச் செடி சுருங்கியது; செடி சுருங்கச் சுருங்க அவர் இன்னும் ஊற்றினார்.

வேரை வெட்டிச் சீர்செய்து மறுபடி நடலாமா என்று யோசித்தோம். அடித்தண்டு மரம்போல முற்றி, தக்கைப் பட்டை விழுந்திருந்தது. அதைக் குறுக்கே கீறிப் பார்த்ததில் நடுவரை பழுப்பு ஏறியிருந்தது. அத்தோடு அந்த யோசனையைக் கைவிட்டோம். முழுச்செடியையும் காப்பாற்றுகிறேன் என்று வாரக்கணக்கில் இழுத்தடிப்பதற்குள் மேல்கிளைகளிலும் அழுகல் ஏறிவிடும். பிறகு போத்து எடுக்கக்கூட நல்ல தண்டு மிஞ்சாது. இந்த வகைச் செடியில் முடிவெடுப்பதைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய இழப்பு என்பது என் கருத்து.

போத்து எடுத்தது

வசந்தத்தின் தொடக்கம். பகல் நீளத் தொடங்கிச் செடி புதுத் துளிர் விடத் தயாராகும் சமயம். போத்துக்கு இதுவே நல்ல காலம். பூத்து முடிந்த ஓரிரு மாதத்தில் எடுக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. பூக்காத செடிக்கும் பருவம் அதுதான்.

இந்தச் செடியில் இலை கிடையாது. நாம் இலை என்று நினைக்கும் தட்டையான பச்சைப் பகுதி ஒவ்வொன்றும் தண்டின் ஒரு துண்டு. மடல் மடலாகச் சங்கிலி கோத்ததுபோல வளரும். இரண்டு மடல்கள் சேரும் இடுக்கில் ஒரு கணு. வேரும் அந்தக் கணுவில்தான் பிறக்கும், புது மடலும் மொக்கும் மடலின் நுனியில் உள்ள கண்ணில்தான் பிறக்கும். ஆகவே போத்தை மடலின் நடுவில் வெட்டுவதில் லாபமில்லை. கணுவில் பிரிக்க வேண்டும்.

கத்தி தேவைப்படவில்லை. மேல் மடலை ஒரு கையின் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, கீழ் மடலை மறுகையில் அசையாமல் பிடித்துக்கொண்டு கால் சுற்றுத் திருகினால் டக்கென்று கழன்று வரும். கழன்ற இடம் மிகச் சிறியது, நடுநரம்பின் அகலம்தான் இருக்கும். காயம் சிறியதாக இருப்பதால் தொற்றும் குறைவு. ஒவ்வொரு போத்தையும் கழற்றியதும் அந்தக் காயத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். வெளிர்பச்சையாக, ஈரம் மின்னினால் நல்ல போத்து. நடுவில் ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளி தெரிந்தால் அதற்கு மேலே இன்னொரு கணுவில் திருகினோம். அங்கும் பழுப்பு இருந்தால் குப்பைக்கு. கிளையின் நுனியிலிருந்து அடியை நோக்கிப் போகப்போகப் பழுப்பு அதிகமாகியது; எனவே எடுத்ததெல்லாம் செடியின் மேல்பாதியிலிருந்து, மூன்று அல்லது நான்கு மடல்கள் கொண்ட துண்டுகள். ஒற்றை மடலிலும் வேர் வரும், ஆனால் செடியாகித் தொட்டியை நிரப்ப நாளாகும். ஆறேழு மடல் நீளம் என்றால் சாய்ந்து விழும். நுனியில் இரண்டாகக் கிளைத்த துண்டுகள் கிடைத்தால் அவற்றுக்கு முதலிடம் கொடுத்தோம், ஏனென்றால் தொடக்கத்திலேயே இரண்டு வளர்முனைகள் கிடைத்துவிடுகின்றன.

சுருங்கிப்போன மடல்களில் வேர் வருமா என்ற சந்தேகம் பெரியம்மாவுக்கு. "தண்ணியே இல்லாம வத்திக் கெடக்கு, இதுல என்ன முளைக்கப் போவுது?" என்றார். முழுக்க வற்றிக் காகிதம் போல ஆனவற்றை ஒதுக்கினோம். லேசாகச் சுருங்கியவை பரவாயில்லை. இந்தச் செடி தன் மடலில் உள்ள நுண்துளைகளைப் பகலில் மூடி வைத்து இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்துக்கொள்ளும். பகல் வெயிலில் ஈரத்தை இழக்காத ஏற்பாடு அது. மடலுக்குள் வழவழப்பான சாறும் சேமிப்பாக இருக்கிறது. வேரே இல்லாமல் ஒரு போத்து வாரக்கணக்கில் உயிரோடு கிடப்பது அதனால்தான்.

கழற்றிய போத்துகளை நிழலில், காகிதத்தின் மேல் பரப்பி இரண்டு நாள் விட்டோம். காயத்தின் மேல் மெல்லிய வெளிறிய தோல் கட்டியது. இந்த ஆறவைப்பைப் பலர் அவசரத்தில் தாண்டிப் போகிறார்கள். திறந்த காயத்தோடு ஈர மண்ணில் வைத்தால் மண்ணில் உள்ள பூஞ்சைகளுக்குக் கதவைத் திறந்து விட்டதுபோல. ஆறவைக்கும்போதே எந்தப் பக்கம் அடி என்று ஒழுங்காக அடுக்கி வைப்பதும் அவசியம். தலைகீழாக நட்டால் வேர் வராமல் ஏய்க்கும். வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற வளர்ச்சிப்பொருள் தண்டுக்குள் நுனியிலிருந்து அடியை நோக்கியே பாயும். நீங்கள் தலைகீழாக வைத்தாலும் அதன் போக்கு மாறாது.

நட்டதும் நனைத்ததும்

கலவை: தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, பெர்லைட் என்ற இலேசான வெண்கல் துகள் ஒரு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு. தோட்டத்து மண் கொஞ்சமும் சேர்க்கவில்லை. ஒரு கைப்பிடி நனைத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு விழ வேண்டும், கையைத் திறந்ததும் உதிர வேண்டும். தொட்டிகள் சின்னவை, விட்டம் 10 சென்டிமீட்டருக்குள். ஒரு தொட்டிக்கு மூன்று நான்கு போத்துகள். ஒன்றை மட்டும் நட்டால் ஒல்லியாக நிற்கும். சேர்த்து நட்டால் தொட்டி சீக்கிரம் நிறைந்து தோன்றும். அடிமடலின் பாதி உயரம் மண்ணுக்குள். அதற்கு மேல் ஆழப் போனால் மடல் அழுகும், அதற்குக் குறைந்தால் நிற்காது.

வேரூக்கிப் பொடியைச் சில போத்துகளுக்குத் தொட்டு நட்டோம், சிலவற்றுக்கு இல்லை. கடைசியில் தொட்டிகளைப் பார்த்து எது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்தச் செடிக்கு அது வீண்செலவு என்றே நினைக்கிறேன்.

முக்கியமான வித்தியாசம் ஈரத்தில் வந்தது. போத்துகளை மூன்று விதமாகப் பிரித்திருந்தோம். பெரும்பங்கு, ஆறவைத்து, மேலே சொன்ன கலவையில், திறந்த காற்றில். ஒரு பங்கு, அதே கலவையில், ஆனால் ஈரப்பதம் காக்க மேலே பிளாஸ்டிக் பை கவிழ்த்து. கொஞ்சம், பெரியம்மா ஆசைப்பட்டபடி, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி அடிக்கணு மட்டும் நனையும்படி.

கண்ணாடித் தம்ளர் முதலில் முந்தியது. இரண்டு வாரத்துக்குள் கணுவில் வெள்ளை முடிச்சுகள் தெரிந்தன, பிறகு கண்ணாடி போன்ற வேர்கள். பெரியம்மாவுக்கு ஏக மகிழ்ச்சி. மண்ணுக்கு மாற்றியதும் அவை அப்படியே நின்றுவிட்டன. தண்ணீரில் பிறந்த வேர் நொறுங்கும் தன்மை கொண்டது. மாற்றும்போதே சில உடைந்தன, மிஞ்சியவையும் மண்ணில் வேலை செய்யத் தயாராக இல்லை. செடி மறுபடி புதிய வேர்களை உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒன்றிரண்டைத் தவிர மற்றவை பிழைத்தன, ஆனால் முதலிலேயே மண்ணில் நட்டவற்றைவிடப் பின்தங்கியே வந்தன. வேர் வருவதைக் கண்ணால் பார்க்கும் சுகத்துக்குக் கொடுத்த விலை என்று வைத்துக்கொள்ளலாம்.

பை கவிழ்த்த தொட்டிகளில்தான் சேதம். பையின் உட்புறம் எப்போதும் வியர்த்திருந்தது. பத்துப் பதினைந்து நாளில் பாதிக்கு மேற்பட்ட போத்துகளில் மண்மட்டத்தில் மடல் நீர் கோத்து, கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் நிறத்துக்கு மாறி, பிறகு பழுப்பாகிச் சரிந்தது. மெல்லிய இலை கொண்ட செடிகளின் போத்துக்குப் பை அவசியம், ஏனென்றால் இலைவழி நீரிழப்பை வேரில்லாத தண்டு தாங்காது. பகலில் துளைகளை மூடிவைக்கும் இந்தச் செடிக்கு அந்த ஆபத்தே இல்லை. உதவி தேவைப்படாத இடத்தில் செய்த உதவி பூஞ்சைக்குத்தான் பயன்பட்டது. போத்துக்குப் பை போடு என்று எல்லாச் செடிக்கும் பொதுவாகச் சொல்லும் ஆலோசனையை இங்கே தாராளமாக மீறலாம்.

திறந்த தொட்டிகளுக்கு நட்ட அன்று தண்ணீர் ஊற்றவில்லை. கலவையில் இருந்த ஈரமே போதும். அதன்பின் மேல்மண் காய்ந்த பிறகு மட்டும், ஓரமாக, கொஞ்சமாக. நேர்வெயில் படாத வெளிச்சம், 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம். மூன்றாவது, நான்காவது வாரத்தில் போத்தை மெதுவாக மேல்நோக்கி இழுத்துப் பார்த்தால் மண் பிடித்துக்கொண்டது. அதற்குக் கொஞ்ச நாளில் நுனிக் கண்களில் செம்பு நிறத்தில் அரிசி அளவுத் துளிர்கள் எட்டிப்பார்த்தன. சுருங்கியிருந்த மடல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து தடித்தன. உரம் அதுவரை எதுவும் இல்லை. துளிர் கண்ட பிறகு, பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி, மாதம் இரண்டு முறை. கோடை முடிகையில் அதையும் நிறுத்திவிட்டோம்.

தாய்ச்செடியின் அடித்தண்டும் மண்ணும் குப்பைக்குப் போயின. பீங்கான் தொட்டியைக் கழுவிக் காயவைத்துப் பெரியம்மா இப்போது அதில் குடைகளை நிறுத்தி வைத்திருக்கிறார்.

அந்த மூலை

கோடைக் கடைசியில் ஒரு சின்ன வேலை. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் வளர்ந்து முடியாமல் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக நின்ற இளம் மடல்களைத் திருகி எடுத்தோம். முற்றிய மடலின் நுனியில்தான் மொக்கு வரும். அரைகுறை மடல் நுனியில் இருந்தால் அந்தக் கிளை அந்த ஆண்டு ஏமாற்றிவிடும். வணிக நாற்றங்கால்களில் எல்லாத் தொட்டியும் ஒரே சமயத்தில் பூப்பதற்கு இதையே செய்கிறார்கள்.

பிறகு தொட்டிகளை மூன்று இடங்களில் வைத்தோம். சில, யாரும் புழங்காத ஒரு பின்னறையின் சன்னலில். சூரியன் மறைந்ததும் அந்த அறை இருட்டு, இரவில் குளிர்ச்சியும் உண்டு, 15 டிகிரி வாக்கில். சில, பெரியம்மா வீட்டுக் கூடத்தில், தாய்ச்செடி இருந்த அதே மூலையில், அதே முக்காலியின் மேல். இன்னும் சில, அதே மூலையிலேயே, ஆனால் மாலை ஆறு மணிக்கு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மறுநாள் காலை எட்டு மணிக்கு எடுப்பது என்ற ஏற்பாட்டோடு. பெட்டி கவிழ்க்கும் பொறுப்பைப் பெரியம்மா ஏற்றுக்கொண்டார். "என்னமோ கோழிக்குஞ்ச கவுக்கற மாதிரி தெனமும் கவுக்கறேன்" என்று கிண்டலடித்தாலும், ஒரு நாளும் தவறவிடவில்லை.

பின்னறைத் தொட்டிகளில் ஒரு மாதத்துக்குள் நுனிகளில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவந்த மொக்குகள். துளிர் மடல் தட்டையாகத் தோன்றும், மொக்கு உருண்டையாக முனை மழுங்கித் தோன்றும். இரண்டையும் பிரித்தறியச் சில நாள் பொறுக்க வேண்டும். பெட்டிக்குள் இருந்தவற்றிலும் மொக்கு வந்தது. கொஞ்சம் தாமதம், எண்ணிக்கையும் குறைவு, ஆனால் ஒவ்வொரு தொட்டியிலும் வந்தது. பெட்டி இல்லாமல் அதே மூலையில், ஒரு முழ இடைவெளியில் நின்றவற்றில் ஒன்றுகூட இல்லை. அவை ஆரோக்கியமாக, பச்சைப் பசேலென்று, புது மடல்களை மட்டும் விட்டுக்கொண்டிருந்தன.

அந்த முக்காலிக்கு நேர் மேலே சுவரில் ஒரு விளக்கு. தொலைக்காட்சி ஓடும்வரை, அதாவது நள்ளிரவை ஒட்டி, அது எரியும்.

ஸ்லம்பர்கெரா குறும்பகல் தாவரம். பெயர் பகலைச் சொன்னாலும் செடி கணக்கு வைத்துக்கொள்வது இரவை. இடையில் வெளிச்சம் படாத 12 மணி நேரத்துக்கு மேற்பட்ட இருட்டு, 13 அல்லது 14 மணி என்றால் இன்னும் நல்லது, தொடர்ந்து சில வாரங்கள் கிடைத்தால் மொக்கு வைக்கும். மடலில் உள்ள பைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் இருட்டின் நீளத்தை அளக்கிறது. நடுவில் வெளிச்சம் பட்டால் கணக்கு குலைகிறது. பூச்செடிக்கு இவ்வளவு நுணுக்கமா என்று தோன்றலாம், ஆனால் வீட்டு விளக்கு ஒன்றே இதைக் கெடுக்கப் போதும். இரவு வெப்பமும் இதில் சேர்ந்துகொள்கிறது. 10 முதல் 13 டிகிரி வரை குளிர்ந்தால் பகல் நீளம் எப்படி இருந்தாலும் பெரும்பாலும் மொக்கு வைத்துவிடும். 15 முதல் 20 டிகிரி வரை இருட்டு முக்கியம். இரவிலும் 24 டிகிரிக்கு மேல் நின்றால் எவ்வளவு இருட்டைக் கொடுத்தாலும் பூப்பது அரிது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் வசிப்பவர்களுக்கு இதுவே தலைவலி: அங்கே ஆண்டு முழுவதும் இரவு ஏறக்குறைய 12 மணி நேரம், அதோடு இரவிலும் புழுக்கம். அப்படிப்பட்ட இடங்களில் பெட்டி கவிழ்ப்பதோடு, வீட்டில் மிகக் குளிர்ந்த மூலையையும் தேட வேண்டும்.

பின்னறைக்கும் பெட்டிக்கும் இடையே இருந்த வித்தியாசத்துக்குக் குளிர்ச்சியே காரணம் என்று கொள்கிறேன். கூடத்தில் 20 டிகிரியை ஒட்டி இருந்தது. ஆனால் பெட்டிக்குள் இருந்ததும் வெளியே இருந்ததும் அனுபவித்தது ஒரே வெப்பம், ஒரே தண்ணீர், ஒரே கலவை. மாறியது இருட்டு மட்டும்.

இதைச் சொன்னபோது பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "முன்னாடி இது அந்த வராந்தா சன்னல்லதானே இருந்துச்சு. கூடத்துக்குப் பெயின்ட் அடிச்சப்போ இங்க தூக்கி வெச்சோம், அப்புறம் திருப்பி வெக்கவே இல்ல" என்றார். பெயின்ட் அடித்தது எந்த ஆண்டு என்று பழைய நிழற்படங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டோம். கடைசியாகப் பூத்த படத்தில் செடி வராந்தாவில். அதற்குப் பிந்தைய படங்களில் கூடத்தில், விளக்கின் கீழே, பூ இல்லாமல். அலங்காரத் தொட்டியும் கூடத்துக்கு வந்த பிறகு போட்டதுதான். பூ நின்றதும் வேர் அழுகியதும் வெவ்வேறு நோய்கள், ஒரே இடமாற்றத்தில் தொடங்கியவை.

மொக்கு தெரிந்ததிலிருந்து பூ விரிய இன்னும் இரண்டு மாதம் பிடித்தது. நடுவில் பெட்டித் தொட்டிகளில் ஒன்றை, மொக்கு வந்த பெருமையில், சாப்பாட்டு மேசைக்கு, பழுத்த வாழைப்பழக் கூடைக்குப் பக்கத்தில் மாற்றியிருந்தார்கள். சில நாளில் பாதி மொக்கு உதிர்ந்தது. பழுக்கும் பழம் எத்திலீன் வாயுவை வெளியிடும், அது இந்தச் செடியின் மொக்கையும் பூவையும் உதிர்த்துவிடும். மொக்கு வந்த பிறகு இருட்டுச் சிகிச்சை தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் இடத்தை மாற்றாமல் விட்டுவிடுவது உத்தமம்.

பூக்கள் பக்கவாட்டில் நீட்டி, இதழ்கள் பின்னோக்கி வளைந்து விரிந்தன. மகரந்தம் மஞ்சள். ட்ரங்கேட்டாதான்.

வயது என்ற சந்தேகம்

போத்துகள் முதல் பருவத்திலேயே பூத்தது தற்செயல் இல்லை. விதையிலிருந்து வளரும் செடி பூக்கும் முதிர்ச்சி அடைய மூன்று ஆண்டுபோலப் பிடிக்கும். போத்தில் உள்ள திசு ஏற்கெனவே முதிர்ந்தது. வேரும் சில மடல்களும் சேர்ந்துவிட்டால் அதற்கு வேறு காத்திருப்பு இல்லை. விதை கிடைப்பதும் சுலபமல்ல. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத செடி இது, மரபணுவில் வேறான இன்னொரு செடி பக்கத்தில் பூத்திருந்தால்தான் காய்க்கும். ஒரே தாயிடமிருந்து எடுத்த போத்துகளை எத்தனை வரிசை வைத்தாலும் காய் பிடிக்காததும் அதனால்தான்.

பூப்பதற்கு வயது தடை என்றால் பக்லியி என்றோ மறைந்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் உருவான அந்தக் கலப்பினம் போத்துக்குப் போத்து கைமாறி இன்றைக்கும் சன்னல்களில் பூத்துக்கொண்டிருக்கிறது. முதல் செடியிலிருந்து கணக்குப் போட்டால் அந்தத் திசுவுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் வயது. பெரியம்மாவின் செடியில் முதுமை என்று எதையாவது சொல்லலாம் என்றால், அது அடித்தண்டின் தக்கையும் ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் இறுகிப்போன மண்ணும். நுனிகளில் அது இல்லை.

ஆனால் போத்தோடு கூடவே வரக்கூடிய ஒன்று உண்டு, அது நச்சுயிரி (வைரஸ்). பூஞ்சை அழுகலை நல்ல தண்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துத் தவிர்க்கலாம். நச்சுயிரி தண்டு முழுக்கப் பரவியிருக்கும், கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஜைகோகாக்டஸ் நச்சுயிரி எக்ஸ் என்று இந்தச் செடியின் பழைய பெயரையே தாங்கிய ஒன்று இருக்கிறது. கையும் கத்தியும் சாறும் வழியாக ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். ஆண்டாண்டாகப் போத்தாலேயே பெருக்கும் செடிகளுக்கு உண்மையான சுமை இதுதான்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னறைத் தொட்டிகளில் ஒன்றில், பூத்து முடிந்தபின் வந்த புது மடல்களில் வெளிர்ப்பச்சைத் திட்டுகள் தெரிகின்றன. மக்னீசியம் குறைந்தாலும் மடல் வெளிறும் என்பதால், முதலில் மக்னீசியம் உள்ள எப்சம் உப்பை நீர்க்கக் கரைத்து ஊற்றிவருகிறோம். அடுத்து வரும் மடல் முழுப்பச்சையாக வந்தால் விஷயம் முடிந்தது. திட்டு தொடர்ந்தால் நச்சுயிரிப் பரிசோதனைக்கு ஒரு மடலை அனுப்ப வேண்டும். அதில் இருக்கிறது என்று வந்தால், எல்லாம் ஒரே தாயின் துண்டுகள் என்பதால், மற்றத் தொட்டிகளையும் சந்தேகப் பட்டியலில் சேர்க்க வேண்டியதுதான். அதுவரை அந்தத் தொட்டி தனியே ஒரு சன்னலில், அதைத் தொட்ட கையைக் கழுவாமல் வேறு செடியைத் தொடுவதில்லை. போத்து கேட்டு வைத்திருக்கும் உறவுக்காரர்களிடம், அடுத்த வசந்தம் வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறார் பெரியம்மா.